ஆறாவது துணி: தலைமை மெக்கானிக் அஸ்கர் அலி அவர்களுக்கு

கறை படிந்த கையாலேயே கறைபடாப் பெயர் எடுத்த காரியச் செம்மலே. காதை வைத்தே கார்புரேட்டரின் கவலை கண்டறியும் கருத்தாளரே. நான்கு நட்டுகளை நாலு திசைக்கும் நீதி வழங்குவது போல் நறுவிசாய் முடுக்கும் நடுவரே. பிரிவு உபசார மேடைக்கும் பாக்கெட்டில் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஏறியிருக்கும் பழக்கம் மாறாப் பண்பாளரே. எங்கள் தலைமை மெக்கானிக் அஸ்கர் அலி அவர்களே, பாய் அவர்களே, வணக்கம்.

இத்தகைய மடல்களில் ஓய்வு பெறுபவரின் குணங்களை வரிசையாக அடுக்க வேண்டும் என்பது முறை. அடுக்குவதற்கு எங்களுக்குத் தடையில்லை. ஆனால் தங்கள் குணங்களை எங்களில் யாரையும் விடத் துல்லியமாக அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகள் தங்கள் மீதிருந்து கண்ணை எடுக்காதவர். தாங்கள் தும்மினால் எத்தனை தும்மல் என்று சொல்லக்கூடியவர். அன்பு மிகுதியால் என்று எழுத ஆசைதான். ஆனால் மடலைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறோம், பொய் எழுதக் கூடாது. பொறாமை மிகுதியால். இரண்டாம் மெக்கானிக் குமரவேல் அவர்களைத்தான் சொல்கிறோம். அன்பாகப் பார்ப்பவர்கள் பாதியை விட்டுவிடுவார்கள். பொறாமையோடு பார்ப்பவர் எதையும் விடுவதில்லை. ஆகவே தங்கள் புகழை அவர் கண் வழியாகச் சொல்வதே நம்பத்தக்கது என்று போக்குவரத்துப் பிரிவு ஒருமனதாகத் தீர்மானித்தது. அவரும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அது கடைசியில் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் நடுவே அன்று புதிதாய் எழும்பியிருந்த இக்கல்லூரியின் வாசலுக்கு இருவர் ஒரே நேரத்தில் வந்தனர். இருவரும் மெக்கானிக்குகள். இருவர் கையிலும் வேலை உத்தரவு. தாங்கள் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்ததால் நேராக உள்ளே போய்ப் பதிவேட்டில் முதல் வரியில் கையெழுத்திட்டீர்கள். குமரவேல் சொந்த ஊர்க்காரர் என்பதால் சைக்கிளில் வந்தார். ஸ்டாண்டு போட்டு, பூட்டி, பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்து, உள்ளே போய் இரண்டாவது வரியில் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரிதான் பணிமூப்பு ஆயிற்று. முதல் வரிக்காரர் தலைமை மெக்கானிக் ஆனார். அந்தச் சைக்கிளைக் குமரவேல் அதே வருடம் விற்றுவிட்டார்.

அதன் பிறகு தாங்கள் காட்டிய ஒவ்வொரு நற்பண்பும் அவருக்கு ஒவ்வொரு புண். தாங்கள் எட்டே முக்காலுக்கு வருவீர்கள். அவர் எட்டு நாற்பதுக்கு வந்தார். தாங்கள் எட்டரைக்கு வந்தீர்கள். இது தொடர்ந்து, ஒரு வருடக் கடைசியில் இருவரும் ஏழு மணிக்கே பூட்டிய கேட்டின் முன்னால் ஒருவரை ஒருவர் பாராமல் நின்றுகொண்டிருந்ததாக வாட்ச்மேன் பதிவேடு சொல்கிறது. பக்ரீத்துக்குத் தாங்கள் பணிமனை முழுவதற்கும் பிரியாணி கொண்டு வந்தீர்கள்; அடுத்த பொங்கலுக்குத் தங்கள் சட்டியை விட ஒரு சாண் அகலமான பாத்திரத்தில் குமரவேல் வீட்டுப் பொங்கல் வந்தது. பிரியாணியை மக்கள் பேசினார்கள். பொங்கலைச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். "இன்னாத்த சாப்டானுங்களோ, ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லல" என்று அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே கங்கம்மாவிடம் சொன்னார். பணிமனையைப் பெருக்கித் துடைக்கும் கங்கம்மா அக்கா, "முந்திரி கம்மி" என்றார். அதையும் குமரவேல் தங்கள் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

இனி 'மேஜர்' விஷயம். ராணுவ ஏலத்தில் கல்லூரி எடுத்த அந்தப் பழைய பெட்ரோல் லாரியை, இங்குள்ள அத்தனை டீசல் பஸ்களுக்கும் நடுவே பென்ஷன் வாங்கிய பிறகும் மீசை முறுக்கும் ஒருவரைப் போல் நிற்பதால், ஓட்டுநர் தனசிங் அப்படிப் பெயரிட்டார். பல வருடம் சும்மா நின்ற மேஜருக்கு இந்தத் தண்ணீர்ப் பஞ்சம் வேலை கொடுத்தது. முதுகில் தண்ணீர் டாங்கியை ஏற்றினோம். இந்த இரண்டாயிரத்து நான்காம் வருடத்துக் கோடையில் விடுதிக் குழாய்களில் காற்று மட்டும் வந்தபோது, மாடம்பாக்கத்துக் கிணற்றிலிருந்து தினம் ஐந்து நடை தண்ணீர் அடித்தது மேஜர்தான். அந்தக் கிணறு யாருடையது? குமரவேலின் பங்காளி வீட்டுக் கிணறு. இவர் ஒரு வார்த்தை சொன்னதால் கிடைத்த தண்ணீர். ஆனால் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டு நிற்கும் அந்த எஞ்சினைக் காலையில் கிளப்பிவிடுவது தாங்கள். ஆகவே லாரி விடுதி வாசலில் திரும்பியதும் மாடியிலிருந்து பெண்கள் ஒரே குரலில் சொன்னது என்ன?

"ஏய், பாய் தண்ணி வந்துடுச்சு."

குமரவேல் ஒரு நாள் விடுதி வாசலுக்கே போய், "அம்மா, அது எங்க கெணத்துத் தண்ணி" என்றார். "தேங்க்ஸ் அண்ணா, பாய் கிட்டயும் சொல்லிடுங்க" என்றார்கள்.

ஏப்ரலில் மேஜரின் கார்புரேட்டர் கைவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் உறுப்பு அது. அச்சு தேய்ந்து, ஆடிப் போய், அளவு தவறி, காற்றை அள்ளிக் குடித்துப் பெட்ரோலைத் தரையில் ஒழுகவிட்டது. தாங்கள் மூன்று முறை பழுது பார்த்தீர்கள். நான்காம் முறை, "இது அவ்ளோதான், வேற மாத்தணும்" என்றீர்கள். அந்த மாடல் எங்கும் கிடைக்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் பழைய உதிரிப்பாகம் விற்கும் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்து, ஒரு மூட்டையின் அடியிலிருந்து, துளைக்குத் துளை பொருந்தும் ஒன்றைத் தேடி எடுத்து வந்தவர் குமரவேல். மண்ணெண்ணெயில் கழுவி, ஜெட்டுகளின் சிறு துளைகளை ஊதி, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் அளவைச் சரிபார்த்து, செய்தித்தாளில் சுற்றி, கல்யாணப் பத்திரிகையைப் போல் இரு கையாலும் மேசையில் வைத்தார். போக்குவரத்து அதிகாரி ராஜகோபால் சார் பிரித்துப் பார்த்தார்.

"பிரமாதம் குமரவேல். நல்ல பீஸ். பாய் கிட்ட குடுத்துடுங்க, அவர் மாட்டட்டும்."

குமரவேல் கொடுத்தார். கொடுத்த பிறகும் சற்று நேரம் அவர் கை நீட்டியபடியே இருந்தது என்று தனசிங் சாட்சி சொல்கிறார்.

கேட்டுக்கொண்டிருக்கும் விருந்தினர்களுக்காக இங்கே நமது பணிமனையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை ஏற்படுத்தியவரே தாங்கள்தான். எஞ்சினைத் திறந்து செய்யும் எந்த வேலைக்கும் ஆறு துணிகள், ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. தங்கள் பழைய பச்சைக் கட்டம் போட்ட கைலியை ஆறாகக் கிழித்தது. ஒன்று கைக்கு, ஒன்று பானட் ஓரத்துக்கு, ஒன்று கழற்றிய நட்டுகளை வைக்க, ஒன்று பெட்ரோல் குழாயின் முனைக்கு, ஒன்று உபரி. ஆறாவதுதான் முக்கியம். கார்புரேட்டரைத் தூக்கியதும் எஞ்சினுக்குள் போகும் வாய் திறந்து கிடக்கும். அதில் ஒரு நட்டு விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதனால் அந்த வாயில் துணியை அடைப்பது. வண்டியைக் கிளப்பும் முன் துணிகளை எண்ணி, மாட்டியவர் "ஆறும் வெளியே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவர் தானும் தனியாக எண்ணிப் பார்த்து, "ஆறும் வெளியே" என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு குரலும் கேட்காமல் தனசிங் சாவியைத் தொடமாட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு துணி தவறியதில்லை. இந்த வழக்கத்தின் மேலும் குமரவேலுக்குப் பொறாமை. அவர் வீட்டுக் கைலி நீலக் கட்டம். அது துணியாகக் கிழிபட யாரும் கேட்டதே இல்லை.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை காலை தாங்கள் வேலையைத் தொடங்கினீர்கள். எதிர்ப்பக்கத்தில் குமரவேல். காற்று வடிகட்டியைத் தூக்கி வைத்தீர்கள், பெட்ரோல் குழாயைக் கழற்றினீர்கள், சோக் கம்பியையும் ஆக்ஸிலரேட்டர் கம்பியையும் விடுவித்தீர்கள், நான்கு நட்டும் முனகாமல் வந்தன, பழையதைத் தூக்கினீர்கள், வாயில் துணியை அடைத்தீர்கள். இடுக்கில் கசிவு தடுக்க ஒட்டிக் கிடந்த பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த துணியின் வாலையும் உள்ளே தள்ளிவிட்டீர்கள். குமரவேல் ஒரு விரல் அசைவையும் விடாமல் பார்த்தார். "நான் இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடியே சுரண்டியிருப்பேன்" என்று மனதில் சொல்லிக்கொண்டார். அது உண்மையல்ல என்று மனமே பதில் சொன்னது அவருக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் உள்ளே வந்தார்.

"என்ன பாய், மே மாசத்தோட கிளம்பறீங்களாமே. யாரு விடப் போறா? ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன். ராஜகோபால், திங்கக்கிழமை ஆர்டர் என் டேபிள்ல இருக்கணும்."

எல்லோரும் கை தட்டினோம். தாங்கள் எண்ணெய்க் கையோடு வணக்கம் வைத்தீர்கள். குமரவேலும் கை தட்டினார். ஆனால் தட்டும்போதே அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. தங்களை விட அவர் பதினோரு மாதம் இளையவர். தாங்கள் இந்த மே மாதம் போனால் அவருக்குப் பதினோரு மாதம் அந்த நாற்காலி. அதற்காகத்தான் பத்தொன்பது வருடம் காத்திருந்தார். தங்களுக்கு இரண்டு வருடம் என்றால் அவர் அடுத்த ஏப்ரலில் இரண்டாவது வரியாகவே வீட்டுக்குப் போவார். தாளாளர் போனார். தாங்கள் புது பேக்கிங்கை வைத்து, கார்புரேட்டரை உட்கார வைத்து, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினீர்கள்.

"ஆறும் வெளியே" என்றீர்கள்.

"ஆறும் வெளியே" என்று பதிலும் வந்தது.

தனசிங் சாவியைத் திருப்பினார். மேஜர் ஒரு முறை இருமினார், அடங்கினார். மறுபடி இருமல், மறுபடி அடக்கம். தாங்கள் கலவைத் திருகை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்தீர்கள். இரண்டு சுற்று திறந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. விடுதி வாசலில் பக்கெட் வரிசை நீண்டது. பன்னிரண்டே கால் ஆனதும் தாங்கள் கை கழுவினீர்கள்.

"ஜும்மாவுக்கு நேரமாச்சு. வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க."

"யாரும்" என்று தாங்கள் சொன்னது குமரவேலுக்கு "குமரவேல்" என்று கேட்டது. தாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அவர் கையில் ஸ்பேனர். "அண்ணே, பாய் திட்டுவாரு" என்று தனசிங் சொன்னார். "இன்னா திட்டுவாரு? நான் தேடிகினு வந்த சாமான் இது. போய் டீ குடி" என்று அனுப்பிவிட்டார். பாய் கையால் கிளம்பாத வண்டி தன் கையால் கிளம்பினால் அதைத் தாளாளர் வரைக்கும் கொண்டு போக வேண்டும் என்பதே அவர் எண்ணம். நான்கு நட்டையும் கழற்றிக் கார்புரேட்டரைத் தூக்கினார்.

வாய்க்குள் பச்சைக் கட்டம் தெரிந்தது.

மூக்கு இடுக்கியால் மெல்ல இழுத்தார். பெட்ரோலில் ஊறிய துணி முழுசாக வந்தது. எஞ்சின் மூச்சுவிட முடியாமல் ஒன்றரை மணி நேரம் இருமியதன் காரணம் அவர் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எங்களிடம் பிறகு சொன்னார்: கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லையாம். பன்னிரண்டு வருடத்தில் தவறாத துணி. அதுவும் பாய் துணி. கைலியே சாட்சி. பதினான்கு அடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம், ராஜகோபால் சார் எக்ஸ்டென்ஷன் ஆர்டரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கதவைத் தட்டி, துணியை மேசையில் வைத்தால் போதும். வாய் கூடத் திறக்க வேண்டாம்.

குமரவேல் நடந்தார். ஏழாவது அடியில் நின்றார்.

ஏன் நின்றார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதியிருக்கிறோம். "உள்ள துணிய வெச்சி மறந்துட்டு மூடுற ஆளு, சாதாரண ஆளுதானே? அப்ப நான் பத்தொம்போது வருஷம் ஒரு சாதாரண ஆளப் பாத்தா எரிஞ்சிகினு இருந்தேன்? சரி, அவரு சாதாரணம்னா, அவருக்கு ரெண்டாவதா இருந்த நான் யாரு?"

அந்தக் கேள்வியோடு துணியைப் பிழிந்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தார். கார்புரேட்டரை உட்கார வைத்தார். நட்டுகளைத் தாங்கள் முடுக்கும் அதே வரிசையில் முடுக்கினார். அந்த வரிசை தனக்கு மனப்பாடம் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. சாவியைத் திருப்பியதும் மேஜர் முதல் திருப்பிலேயே கர்ஜித்தார். ராஜகோபால் சார் வெளியே ஓடி வந்தார்.

"என்னய்யா கோளாறு?"

"மிதவ ஒட்டிகினு இருந்துச்சு சார். தட்டிவிட்டேன்."

"பாத்தீங்களா, பாய் மாட்டினதுல குறையில்ல. நீங்க வாங்கிட்டு வந்த சாமான்தான் சரியில்ல. அடுத்த தடவை பாத்து எடுங்க."

குமரவேல் ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். அவர் வாழ்க்கையில் மிகக் கடினமான வேலை எது என்று யாராவது கேட்டால், கார்புரேட்டர் மாட்டியது என்று சொல்லமாட்டார். அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் சொல்வார்.

தாங்கள் தொழுகை முடிந்து வந்தபோது லாரி முதல் நடைக்குப் போயிருந்தது. "மிதவையா?" என்று கேட்டீர்கள். "மிதவதான்" என்றார். மாலையில் கங்கம்மா அக்கா துணிகளைத் துவைத்துக் கம்பியில் போட்டுவிட்டுக் கத்தினார்.

"பாய், அஞ்சுதான் கீது. ஒண்ணு இன்னா ஆச்சு?"

தாங்கள் கம்பியைப் பார்த்தீர்கள். பிறகு குமரவேலின் சட்டைப் பையைப் பார்த்தீர்கள். அது ஒரு பக்கமாகக் கறை படிந்து, பெட்ரோல் வாசனையோடு புடைத்திருந்தது. குமரவேல் ஆகாயத்தைப் பார்த்தார். தாங்கள், "காத்துல போயிருக்கும்கா" என்றீர்கள்.

திங்கட்கிழமை காலை தாங்கள் ராஜகோபால் சார் அறைக்குள் போனீர்கள். கதவு திறந்திருந்தது, எங்களுக்குக் காது இருந்தது.

"சார், எனக்கு எக்ஸ்டென்ஷன் வேணாம். துணிய உள்ள விட்டு மூடிட்டு ஆறுன்னு சொன்ன ஆளு நான். எண்ணாம சொன்னேன்."

"யாரு சொன்னா உங்ககிட்ட? குமரவேலா?"

"அவரு சொல்லல சார். அவரு சொல்லாததாலதான் நான் சொல்றேன். வேலுவப் போடுங்க அந்த எடத்துல."

பதினோரு மாத நாற்காலி குமரவேலுக்கு உறுதியாயிற்று. நாங்கள் அவருக்குக் கை கொடுத்தோம். கை கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து, தங்கள் நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அடுத்த நாளும் அதையே பேசினோம். மூன்றாம் நாள் கங்கம்மா அக்காவே கண் கலங்கினார். குமரவேல் டீ கிளாஸை டம் என்று வைத்தார்.

"எக்கா, நான் மறச்சேனே, அது ஒண்ணும் இல்லியா? அவரு வாயத் தொறந்து சொன்னாரு, அது பெர்சாப் பூடுச்சா? நான் இன்னா செஞ்சாலும் அதுக்கு மேல ஒரு படி போட்டு நிக்கறாருக்கா இந்த மனுஷன்."

ஆக, அஸ்கர் பாய் அவர்களே, தங்கள் பணித்திறமை, காலந்தவறாமை, விருந்தோம்பல், நேர்மை ஆகிய நான்கும், இவற்றால் நாள்தோறும் நொந்தவர் ஒருவரின் வாக்குமூலத்தால் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டன.

இப்போது அவர் நிபந்தனை. சென்ற வாரம் இம்மடலின் வரைவை அவரிடம் படித்துக் காட்டினோம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "ஒண்ணு உட்டுட்டீங்க" என்றார்.

"என்ன அண்ணா?"

"அன்னிக்கு எதிர்ப்பக்கம் நின்னுகினு, ஆறும் வெளியேன்னு பதில் சொன்னது யாரு? நான்தான். நானும் எண்ணல. அந்த ரெண்டு வருஷத்தத்தான் மனசுல எண்ணிகினு இருந்தேன். வழக்கம் ரெண்டு பேருக்கும்தானே? அப்ப தப்புல பாதி என்னுது. அத மட்டும் அவரு தனியா எடுத்துகினு போவக் கூடாது. எழுது."

"இது பாய்க்கு வாசிக்கற மடல் அண்ணா."

"எழுதுப்பா. ஃபிரேம் போடுவீங்கல்ல? தப்பு பாதின்னா ஃபிரேமும் பாதி. என் பேரு தெளிவா வரணும். இந்தவாட்டி ரெண்டாவது வரியில வேணாம், அவரு பேரு பக்கத்துலயே போடு."

போட்டிருக்கிறோம். கண்ணாடிக்குள் பார்த்தால் தெரியும்: தவறு செய்தவர்கள் அஸ்கர் அலி, குமரவேல், ஒரே வரியில்.

ஓய்வுக் காலம் ஓசையின்றி ஓடும் எஞ்சினாகத் தங்களுக்கு அமைவதாக. மூட்டுகள் மசகு குறையாமலும், கண்கள் விளக்கு மங்காமலும், கலவை எந்நாளும் ஒன்றரைச் சுற்றிலிருந்து பிசகாமலும் தாங்கள் நூறாண்டு வாழ்க. இதைப் படித்துக் காட்டியபோது குமரவேல் அவர்கள் தமக்கும் அதே அளவு கேட்டார். கொடுத்திருக்கிறோம். கணக்குப்படி அவர் தங்களுக்குப் பிறகு பதினோரு மாதம் தனியாக இருக்க வேண்டிவரும் என்று தனசிங் சுட்டிக்காட்டினார். குமரவேல், "அந்தப் பதினோரு மாசம் எனக்கு வேணாம்" என்றார்.

நிறைவாக, மரபுப்படி போர்த்தும் பொன்னாடைக்கு முன், மேசை மேல் இருக்கும் தட்டைத் தாங்கள் பார்க்க வேண்டும். ஐந்து துணிகள் கங்கம்மா அக்கா துவைத்தவை. ஆறாவதை ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்த தம் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்து, இன்று காலை வீட்டில் இஸ்திரி போட்டு, குமரவேல் தம் கையால் கொண்டு வந்து வைத்திருக்கிறார். தாங்கள் இப்போது எழுந்து, ஒரே ஒரு முறை, வழக்கம்போல் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மேசையின் எதிர்ப்பக்கத்தில் பதில் சொல்ல ஒருவர் நிற்கிறார். இம்மடல் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அவர் மூன்று முறை எண்ணிவிட்டார்.

இங்ஙனம்,
தங்களை வழியனுப்ப மனமின்றி வரிசையில் நிற்கும்
போக்குவரத்துப் பிரிவு ஊழியர்கள்,
ராஜகீழ்ப்பாக்கம்.
31 மே 2004